துட்டி கேட்க வருகிறவர்களுக்கு

பெரியம்மை, சித்தி, அத்தை, மதினிமார்களுக்கும், மாமா, சித்தப்பா, அண்ணாச்சிமார்களுக்கும், சீவலப்பேரியில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருக்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு சாவு என்றால் நீங்கள் யாரும் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கமாட்டீர்கள். நடுகையைப் பாதியில் விட்டுவிட்டு வயலிலிருந்து கரையேறி வருகிறவர்கள் நீங்கள். என் மகள் போன அன்றும் அப்படித்தான் வந்தீர்கள். பந்தலுக்குச் சொன்னது, பாளையங்கோட்டையிலிருந்து வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது, எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் உங்கள் வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நன்றி சொல்லும் நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் நன்றி சொல்வதற்கு மட்டும் இதை எழுதவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் என்ன பேச வேண்டும், எத்தனை நாள் போய்வர வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நம்மில் பலருக்கு இன்றைக்குத் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். தெரியாமல் சொன்ன ஒரு பேச்சு அந்த வீட்டில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பது அந்த வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான் அந்த வீட்டில் இருக்கிறவள். அதனால் எழுதுகிறேன்.

என்னிடம் சொன்னவற்றையே எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர்கள் எல்லாரும் என் மேல் பிரியம் உள்ளவர்கள். “அவ ஆயுசு அம்புட்டுத்தாம் மக்கா.” “ரொம்பக் கெடந்து சீரழியாமப் போய்ட்டா, அதை நெனச்சு மனசைத் தேத்திக்கோ.” “போனது போச்சு, இருக்க பையனப் பாரு.” “பொம்பளப் பிள்ளதானே, என்னைக்கிருந்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளதானே.” “உனக்கென்ன வயசா போச்சு, இன்னொண்ணு பெத்துக்கிடலாம்லா.”

இவற்றை அப்புறம் பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாமே என்னைப் பற்றிய பேச்சு: என் அழுகையை எப்படி நிறுத்துவது, என்னை எப்படி எழுப்பி அடுப்படிக்கு அனுப்புவது என்ற கவலை. பன்னிரண்டு வருடம் இந்தத் தெருவில் ஓடித் திரிந்த பிள்ளை. மாங்காய் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காதவள். மழைக்காலத்தில் சிற்றாற்றுத் தண்ணீர் தாமிரபரணியில் வந்து சேருகிற இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு தண்ணீருக்கும் நிறம் வேறு வேறு என்று அடம்பிடித்துச் சாதிப்பவள். உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஏதாவது உடைத்திருப்பாள், ஏதாவது கேட்டு வாங்கித் தின்றிருப்பாள். நீங்கள் துட்டிக்கு வந்துபோன அந்தப் பதினைந்து நாளில் யாராவது ஒருவர், “உன் மக எங்க வீட்டுத் திண்ணையில இருந்து இப்படிச் சொல்லுவா” என்று ஆரம்பித்திருந்தால் நான் சத்தம்போட்டு அழுதிருப்பேன். அழவைத்துவிடுவோமோ என்று பயந்துதான் நீங்கள் பேசவில்லை. அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது. அவள் பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் இங்கே எழுதவில்லை. அதை நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வயசாளி ஒருவர் போனால் நமக்கு எல்லாம் தெரியும். நீர்மாலை எடுப்போம், காடேத்துவோம், பதினாறாம் நாள் கருமாதி, வருஷம் திரும்பினால் திதி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாபநாசத்திலிருந்து குறுக்குத்துறை, நம் ஊர் என்று ஆற்றங்கரை நெடுகக் கூட்டம்தான். மகன் எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பாவைக் கும்பிடுவான். அப்பா மகளுக்கு இறைக்க நம் வழக்கத்தில் இடம் இல்லை. சின்னப் பிள்ளை என்றால் பெரும்பாலான வீடுகளில் பாடை கிடையாது, கொட்டு கிடையாது, எரிப்பதும் கிடையாது. தகப்பன் கையில் தூக்கிக்கொண்டு போய் அன்றைக்கே குழியில் வைத்துவிட்டு வருவான். கைக்குழந்தையாக இருந்தால் தாய்க்கு அதுகூடக் காட்டமாட்டார்கள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டி, படுக்கச் சொல்வார்கள். வளர்ந்த பிள்ளையென்றால் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது நடக்கும், அவ்வளவுதான்.

பெரியவர்களின் சாவுக்கு வைத்திருக்கிற சடங்குகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அவை ஊரைத் திரும்ப அழைத்து வருகின்றன. பதினாறாம் நாள் எல்லாரும் வந்தே ஆக வேண்டும். வருஷத் திதிக்கு மருமகன் லீவு போட்டு வந்தே ஆக வேண்டும். வந்தால் பேச்சு வரும், பேச்சில் போனவர் வருவார். பிள்ளை போன வீட்டுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. தேதி இல்லாததால் நீங்களும் வரவில்லை. நானும் உங்களைக் கூப்பிடுவதற்கு ஒரு காரணம் இல்லாமல் இருந்தேன்.

கும்பகோணத்தில் பிள்ளைகளைக் கொடுத்தவர்கள் அந்தத் தேதியைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 2004 ஜூலை 16 அன்று அங்கே பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள். இரண்டு பிள்ளையையும் ஒரே நாளில் கொடுத்த வீடுகள் உண்டு. தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு 2014 ஜூலை ஆகிவிட்டது. வழக்கு நடந்த அந்தப் பத்து வருடமும், அதற்குப் பிறகும், ஒவ்வொரு ஜூலை 16க்கும் பெற்றவர்கள் பிள்ளைகளின் படத்துக்கு மாலை போட்டு, அவரவர் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைப் படைத்து, விளக்கேற்றுகிறார்கள். நம் திருநெல்வேலியிலும் அப்படி ஒரு நாள் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடி நடந்தது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. வருடா வருடம் அன்றைக்குக் கட்சிக்காரர்கள் வந்து ஆற்றில் பூத் தூவிவிட்டுப் போகிறார்கள். தேதி இருந்தால் ஆட்கள் வருகிறார்கள். காய்ச்சலில் போன பிள்ளைக்கும், பைக்கில் போய் லாரியில் அடிபட்ட பிள்ளைக்கும், லீவுக்கு வந்து ஆற்றுக் கயத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கும் யார் தேதி வைப்பது?

நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று சொல்கிறேன் என்றேன். என் ஆச்சி பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. அவள் காலத்தில் அது அதிசயம் இல்லை. 1951வாக்கில் நம் நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 146 குழந்தைகள் முதல் வருடத்துக்குள்ளேயே போயின. 2020ஆம் வருடக் கணக்கில் தமிழ்நாட்டில் அது 13. தடுப்பூசியும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், கிராமத்து நர்ஸம்மாக்களின் நடையும் கொண்டுவந்த மாற்றம் அது. அதைவிடப் பெரிய நல்லது நம் தலைமுறைக்கு நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை போனாலும், தன் பிள்ளையைக் கொடுத்தவள் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்காருவாள். ஒப்பாரி வைக்கிற வட்டத்தில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களை நினைத்துத்தானே அழுவாள். அதனால் புதிதாகப் பறிகொடுத்தவள் தனியாக இருக்கமாட்டாள். இப்போது பறிகொடுத்தவள் தெருவுக்கு ஒருத்தி. சுற்றி உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் பயந்துபோய், தம் பிள்ளைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் தப்புச் சொல்லமாட்டேன். எனக்கே இருந்திருக்கும்.

அந்தக் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நம் தெருக்களிலேயே சாட்சி இருக்கிறது. பிச்சையா, பிச்சம்மாள், குப்பாண்டி, குப்பம்மாள் என்று வயசானவர்கள் எத்தனை பேர் நம் ஊரில். முன்னால் பிறந்தது தங்காமல் போன வீட்டில், இதாவது தங்கட்டும் என்று பயந்து வைத்த பெயர்கள். பிச்சையா தாத்தாவைக் கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு முந்திப் போன குழந்தையும் அந்த வீட்டில் இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது கன்னிப் பெட்டி. கல்யாணம் ஆகாமல் போன பெண் பிள்ளையை நம் பக்கத்தில் பல வீடுகளில் கன்னி என்று வைத்துக் கும்பிடுவது உங்களுக்குத் தெரியும். என் மகள் போய் நாலைந்து மாதம் இருக்கும். எல்லாரும் அவள் துணிமணியை ஆற்றில் விட்டுவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருத்தி என்னைக் கைப்பிடித்து அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளறையில் உத்திரத்திலிருந்து ஒரு ஓலைப்பெட்டியை இறக்கினாள். அதற்குள் ஒரு சிற்றாடை, வளையல், சின்னக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. அவள் மாமியாருடைய மகளாம். ஆச்சி அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்னாலேயே போய்விட்டவள். ஆச்சி அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுத்துணி எடுத்து, பாலும் பழமும் வைத்து, பழைய சிற்றாடையை வீட்டுப் பெண் பிள்ளைகளில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பெட்டிக்குள் வைக்கிறாள். “வீட்டுப் பிள்ளைய எங்கன போய் விடச் சொல்லுதாவ? அவ இங்கனதான் இருப்பா” என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

என் மகளைச் சாமியாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எல்லா வீட்டுக்கும் கிடையாது. வேதக்காரர்கள் நவம்பர் 2 அன்று கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், அவர்களுக்கு அது. ஆச்சி செய்ததில் எனக்கு வேண்டியது, பிள்ளையை வீட்டுக் கணக்கிலிருந்து எடுக்காமல் வைத்திருந்த அந்தப் புத்தி.

படித்தவர்கள் இதற்கு நெடுநாள் எதிராகச் சொன்னார்கள். வியன்னாவில் இருந்த மனநல மேதை ஃபிராய்டு 1917இல் எழுதிய கட்டுரையில், போனவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுப்பதுதான் துக்கம் செய்கிற வேலை என்றார். 1920இல் அவருடைய மகள் சோஃபி விஷக் காய்ச்சலில் போனாள். 1929இல், மகனைப் பறிகொடுத்த ஒரு நண்பருக்கு அவர் கடிதம் எழுதினார். இருந்திருந்தால் என் மகளுக்கு இன்றைக்கு 36 வயது ஆகியிருக்கும் என்று அதில் எழுதினார். அந்த இடத்தில் வேறு எது வந்து உட்கார்ந்தாலும் அது வேறாகத்தான் இருக்கும் என்றும் எழுதினார். எவ்வளவு பெரிய படிப்பாளி, பிறந்தநாள் கணக்கை விடவில்லை. 1996இல் அமெரிக்காவில் டென்னிஸ் கிளாஸ் என்பவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும், போனவரோடு உள்ள பந்தம் தொடர்வதுதான் இயல்பு என்று ஒரு புத்தகமே கொண்டுவந்தார்கள். பிள்ளைகளை இழந்த பெற்றோரோடு பல வருடம் இருந்து பார்த்து வந்த முடிவு அது. ஆச்சிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

“இன்னொண்ணு பெத்துக்கிடலாம்” என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கத்தில் எத்தனையோ தாய்மார்கள் எல்லாப் பிள்ளைகளையும் கொடுத்துவிட்டு நின்றார்கள். பலர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்திருந்தவர்கள். அவர்களுக்கு மறுபடி பிள்ளை பிறக்க வழி செய்கிற ஆபரேஷனை இலவசமாகச் செய்து தர அரசாங்கம் முன்வந்தது. விரும்பிப் போய்ச் செய்துகொண்டவர்களுக்கு அது பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாய் தானாக விரும்பிப் போக வேண்டும். எட்டாம் நாள் துட்டி கேட்க வந்தவர் சொல்லிப் போகக் கூடாது.

அதே நாகப்பட்டினத்தில் பரமேஸ்வரன், சூடாமணி என்று ஒரு தம்பதி. சுனாமி வந்த நாள் அவருடைய பிறந்தநாள். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தார். மூன்று பேரும் போய்விட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சாகலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சில வாரத்தில், பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து வளர்க்க ஆரம்பித்தார்கள். அது ‘நம்பிக்கை’ என்ற இல்லமாக வளர்ந்து எத்தனையோ பிள்ளைகள் படித்து வெளியே வந்தார்கள். பிறகு அவர்களுக்கு இரண்டு மகன்களும் பிறந்தார்கள். இந்தக் கதையைப் பிள்ளை போன வீட்டில் வந்து சொல்லி, நீயும் இப்படி இரு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். எல்லாருக்கும் அந்தத் தெம்பு வராது, வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. எத்தனை பிள்ளைகள் அந்த வீட்டில் நிறைந்த பிறகும், போன மூன்று பேரையும் அவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் போன பிள்ளைகளின் இடத்துக்கு வரவில்லை. தமக்கென்று ஓர் இடத்துக்கு வந்தார்கள்.

என் மகளுடைய அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்காவது கட்டிக்கொண்டு அழ மதினிமார் இருந்தார்கள். அவருக்கு, “ஆம்பள நீயே ஒடைஞ்சிட்டா வீட்ல பொம்பள எப்பிடித் தாங்குவா” என்று ஒரு பேச்சு, ஒரு டீ. அதோடு சரி. குழிக்கு எடுத்துப் போனது அவர் கைதான். இறப்புச் சான்றிதழுக்கு அலைந்தது அவர். பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவர். ரேஷன் கார்டில் மகள் பெயரை எடுக்கப் போனவரிடம் வரிசையில் நின்ற யாரோ, “ஒரு ஆள் கொறைப்பா?” என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் அரிசி வாங்காமல் வந்துவிட்டார். அண்ணாச்சிமார்களே, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். தகப்பன் கையெழுத்து வேண்டுமென்றால் கையெழுத்துக்கு மட்டும் கூட்டிப்போங்கள். மற்ற நாளில் வயலுக்குப் போகும்போது கூடவே நடந்து போங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பேசாமல் போய்வாருங்கள்.

மதினிமார்களுக்கு: அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அவனையும் பாருங்கள். என் மகனிடம் “நீதாம் இனி அம்மாவப் பாத்துக்கிடணும்” என்று ஏழெட்டுப் பேர் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுக்கு எட்டு வயது. அக்காளைப் பறிகொடுத்த பிள்ளை அவன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாதக்கணக்கில் அவன் என் முன்னால் அழவேயில்லை.

எத்தனை பிள்ளை என்று புது ஆட்கள் கேட்கும்போது நான் இரண்டு என்றுதான் சொல்கிறேன். கூட நிற்கிற நீங்கள் பதறிப்போய் “ஒரு பையன்” என்று திருத்தவேண்டாம். கல்யாண வீட்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தவும் வேண்டாம். சுமங்கலிகளுக்குக் குங்குமம் கொடுக்கும்போது என் வரிசையில் கை தயங்குகிறது. நான் பார்க்காதது போல இருக்கிறேன், ஆனால் பார்க்கிறேன்.

இன்னொன்று, அவசரமானது. வருஷம் கழிந்தும் ஒருத்தி எழுந்திருக்காமல், குளிக்காமல், சாப்பிடாமல் கிடந்தால், அல்லது பிள்ளை போன இடத்துக்கே போய்விடுகிறேன் என்று எப்போது சொன்னாலும், அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பேய்க்கோளாறு என்று எங்கேயும் கூட்டிக்கொண்டு அலையவும் வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளையை மறந்துவிடுவோம் என்று பயப்படுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்காது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

டாக்டரைத் தவிர இன்னொரு துணையும் உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ற ஊரில் 1968இல் ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கே வேலை பார்த்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் போதகர் ஆறுதல் சொல்லப் போனார். தன்னால் முடிந்ததைவிட, அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் நன்றாகத் துணையாக இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் அவர்கள் தொடங்கிய சங்கம் இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கிறது. வேறொன்றும் இல்லை, பறிகொடுத்தவர்கள் பறிகொடுத்தவர்களின் வீட்டுக்குப் போவது. நம் ஆச்சிமார்கள் வட்டமாக உட்கார்ந்து செய்ததுதான்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் மூன்று மாதத்துக்கு முன்னால் கைப்பிள்ளை ஒன்று போனது. எந்த வீடு என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிள்ளைதானே என்று பத்து நாளில் எல்லாரும் மறந்தாயிற்று. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்துமூன்று. ஊரில் யாரோடும் பேசுவதில்லையாம், கட்டின தொட்டிலை அவிழ்க்கவிடமாட்டேன் என்கிறாளாம். அவிழ்க்கச் சொல்லி யாரும் அவளை நெருக்க வேண்டாம். நான் வருகிற புதன்கிழமை காலையில் போகிறேன். செவ்வாய், வெள்ளி துட்டி கேட்கப் போகக் கூடாது என்பவர்களுக்கும் அந்த நாள் சரியாக இருக்கும். கன்னிப் பெட்டியைக் காட்டிய ஆச்சியும் வருகிறாள். உங்களில் பிள்ளையைக் கொடுத்தவர்கள், இத்தனை வருடம் வெளியே சொல்லாமல் இருந்தவர்கள், பத்து மணிக்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம். மற்றவர்கள் அதற்கடுத்த வாரம் போங்கள், அதற்கடுத்த மாதமும் போங்கள். போகும்போது அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று அவளிடம் கேளுங்கள்.